சோலி கொடுங்க, செருப்பு பிழைக்கும்

வீட்டில் எட்டு மாச நாய் வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க. தூக்கினவங்க அப்படியே குனிஞ்சு காலைப் பாருங்க. ரெண்டு கால்லயும் ஒரே ஜோடிச் செருப்பு இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க, அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். வலது கால்ல நம்மளுது, இடது கால்ல அண்ணனோடதுன்னு நிக்கிறவங்க மட்டும் இங்கிட்டு வாங்க. இது நமக்கான கட்டுரை.

முதல்லயே விஷயத்தைச் சொல்லிடறேன். இளம் நாய் வீட்டை நாசம் பண்ணுதுன்னா பெரும்பாலும் அதுக்குச் சோலி இல்லைன்னு அர்த்தம். எங்க தேனிப் பக்கம் வேலையைச் 'சோலி'ன்னுதான் சொல்லுவோம். "சும்மா உக்காந்திருக்காம சோலியைப் பாருடா"ன்னு நம்மளை நாள் பூரா விரட்டுற அதே வீட்டில், நாயை மட்டும் ஒரு சோலியும் கொடுக்காம தூணில் கட்டி வச்சிருப்பாங்க. அது என்ன பண்ணும்? தானா ஒரு சோலியைத் தேடிக்கும். அந்தச் சோலி உங்க சார்ஜர் ஒயர்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

செவலையின் சாதனைப் பட்டியல்

எங்க வீடு சின்னமனூர்ப் பக்கம். வாழைத்தோட்டம் இருக்கு. தோட்டக் காவலுக்குன்னு அப்பா கோம்பையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தார். செம்மண் கலர்ல உடம்பு, அடுப்புக்கரியில முக்கி எடுத்த மாதிரி மூஞ்சி. அப்பத்தா பார்த்த உடனே "வாடா செவலை"ன்னு கூப்பிட்டுச்சு. அதுவே பேராகிடுச்சு.

ஏழு மாசம் ஆகுறதுக்குள்ள செவலை முடிச்ச ஐட்டங்கள்: நாலு ஜோடிச் செருப்பு, தம்பியோட ஸ்கூல் பேக், வாஷிங் மெஷின் குழாய், ஒரு கொசுவலை. அப்புறம் போடியிலிருந்து வாங்கின இலவம்பஞ்சுத் தலையணை. போடி இலவம்பஞ்சு எவ்வளவு லேசுன்னு தெரியணும்னா தலையணையைத் தலைக்கு வச்சுப் பார்த்தாப் பத்தாது. அதை ஒரு நாய்கிட்ட கொடுத்துட்டு ஃபேனைப் போடணும். ரெண்டு நாள் சாம்பாரிலிருந்துகூட பஞ்சு எடுத்தோம்.

அதுவரைக்கும் எல்லாரும் சிரிச்சிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி தோட்டத்தில் சொட்டுநீர் டியூபை மூணு வரிசைக்குக் கடிச்சு வச்சிருச்சு. வெள்ளென அப்பா மோட்டாரைப் போட்டா, வாழைக்கு நடுவில் வரிசையா ஃபவுண்டன். "இது நாயில்லடா, ஜேசிபி"ன்னார். அதுக்கப்புறம் சிரிக்கலை. "கம்பம்மெட்டுக்கு ஏலத்தோட்ட ஜீப் போகுதுல்ல, அதுல ஏத்தி விட்டுடுறேன். மலையில யாராச்சும் வச்சுக்கிடுவாங்க."

அந்த 'யாராச்சும்'ங்கிற ஆள் எங்கயும் கிடையாது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். எனக்கு அப்போ செமஸ்டர் லீவு, ஒரு மாசம் இருந்துச்சு. "லீவு முடியிற வரைக்கும் டைம் குடுங்கப்பா"ன்னு கேட்டேன். "டியூப் இன்னொரு தடவை போச்சுன்னா அன்னைக்கே ஜீப்பு"ன்னார். டீல் ஓகே ஆச்சு.

கம்பெனி மூடியாச்சு, ஆள் இன்னும் டியூட்டியில

அந்த ஒரு மாசக் கதைக்கு முன்னாடி கோம்பை நாயைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். உத்தமபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் கோம்பை. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி இந்த ஊரும் ஒரு நாய் இனத்துக்குப் பேர் கொடுத்திருக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும்னு தலைமுறை தலைமுறையா வளர்த்த நாய். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாலு உள்நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்போ ராஜபாளையத்துக்கு இடம் கிடைச்சுச்சு, கோம்பைக்குக் கிடைக்கலை. 2020 ஆகஸ்ட் 'மன் கீ பாத்' வானொலி உரையில் பிரதமர் உள்நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி வரிசையாப் பேர் சொன்னப்போ கோம்பையும் அதில் வந்துச்சு. எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் அன்னைக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனா அந்த நாயோட பழைய சோலி இன்னைக்கு இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நாயைக் கூட்டிட்டுப் போய் வேட்டையாடுறது குற்றம். எங்களைச் சுத்தி இருக்கிற மேகமலைக் காடு 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம். அதாவது கம்பெனியை இழுத்து மூடி அரை நூற்றாண்டு ஆச்சு. அந்தத் தகவல் நாயோட காலுக்கும் மூக்குக்கும் தாடைக்கும் மட்டும் இன்னும் போய்ச் சேரலை. மலை ஏறி இறங்கி மோப்பம் பிடிச்சுத் துரத்துறதுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பை ஆறடிச் சங்கிலியில் கட்டினா, மிச்சமாகிற சக்தி எல்லாம் எங்க போகும்? எனர்ஜி அழியாதுன்னு பிளஸ் டூவிலேயே படிச்சிட்டோம். அது தலையணையா மாறும், டியூபா மாறும்.

கோம்பைக்கு மட்டும் பொருந்துற கதைன்னு நினைக்காதீங்க. லேப்ரடார் தண்ணியில விழுந்த பறவையை எடுத்து வர வளர்த்த நாய். ஜெர்மன் ஷெப்பர்ட் ஆட்டு மந்தை காத்த நாய். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கு ஒரு நாள்ல பத்துத் தெரு சுத்துறது சாதாரணம். எல்லாத்தையும் நாம ஒரு கேட்டுக்குள்ள போட்டுப் பூட்டுறோம்.

கடிக்கிறதுக்குக் காரணம் மூணு

எல்லாக் கடியும் ஒரே கடி இல்லை. மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி நோயைக் கண்டுபிடிங்க.

முதல் காரணம் பல். குட்டிக்குப் பால் பல் 28. மூணரை, நாலு மாசத்தில் அது விழ ஆரம்பிச்சு, ஏழு மாசத்துக்குள்ள 42 பல் வந்து நிக்கும். அந்தக் காலத்தில் ஈறு வலிக்கும், எதையாவது கடிச்சாத்தான் நிம்மதி. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வச்சு, நீங்க பக்கத்தில் இருக்கும்போது கடிக்கக் கொடுங்க. பழைய செருப்பைக் கொடுக்காதீங்க. இது பழசு, இது போன வாரம் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினதுன்னு அதுக்குத் தெரியாது.

ரெண்டாவது, சோலி இல்லாத அலுப்பு. ஏழு மாசத்திலிருந்து ஒன்றரை வயசு வரைக்கும் நாய்க்கு டீன் ஏஜ் மாதிரி. உடம்பு பெருசாகிடும், நிதானம் வந்திருக்காது.

மூணாவது, தனிமை பயம். ஆள் வெளியே போன கொஞ்ச நேரத்துலயே கதவு, ஜன்னல் பக்கம் மட்டும் பிறாண்டுது, எச்சில் ஒழுகுது, ஊளையிடுதுன்னா அது பயம். பழைய போனை வீடியோ ரெக்கார்டிங்ல வச்சுட்டுப் போனா தெரிஞ்சிடும். அதுக்கு வெறும் நடை போதாது. கால்நடை மருத்துவரைப் பாருங்க. செவலை ரெண்டாவது கேஸ். நாங்க வீட்டில் இருக்கும்போதே கூச்சமில்லாம கடிக்கும்.

"அது தப்புன்னு அதுக்கே தெரியும்" – தெரியாதுங்க

சாயங்காலம் வீட்டுக்கு வர்றோம். செருப்பு கிழிஞ்சு கிடக்கு. நாய் காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. "பார்த்தியா, திருட்டு முழி முழிக்குது"ன்னு நாலு போடு போடறோம்.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வச்சு இதைச் சோதிச்சார். தின்பண்டத்தைக் காட்டி "தொடாதே"ன்னு சொல்லிட்டு ஓனர் வெளியே போகணும். நாய் தின்னுச்சா இல்லையான்னு திரும்பி வர்ற ஓனர்கிட்ட சில நேரம் உண்மையைச் சொன்னாங்க, சில நேரம் மாத்திச் சொன்னாங்க. முடிவு என்னன்னா, அந்தத் திருட்டு முழிக்கும் தின்னதுக்கும் சம்பந்தமே இல்லை. ஓனர் திட்டினா முழி வந்துச்சு. ஒண்ணுமே தின்னாம திட்டு வாங்கின நாய்கள்தான் இன்னும் அதிகமா முழிச்சுச்சு. நம்ம மூஞ்சியையும் குரலையும் பார்த்துப் பயப்படுறதைத்தான் நாம குற்ற உணர்ச்சின்னு படிக்கிறோம்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஈசியாப் புரியும். ஃபீட்பேக் லூப்ல டிலே அதிகமானா சிஸ்டம் ஆட்டம் காணும். காலையில 10 மணிக்குக் கடிச்சதுக்குச் சாயங்காலம் 5 மணிக்கு அடி விழுந்தா, நாய் அந்த அடியைச் செருப்போட சேர்த்து வைக்காது. நீங்க கேட்டைத் திறந்து வர்றதோட சேர்த்து வைக்கும். அப்புறம் உங்களைப் பார்த்தாலே ஒதுங்கும்.

பாராட்டுக்கும் இதே கணக்குதான். உட்கார்ந்த ரெண்டு விநாடிக்குள்ள வாயில் ஈரல் துண்டு விழணும். உள்ளே போய் டப்பா தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள அது எழுந்து நின்னுடும், அப்போ நீங்க எழுந்ததுக்குப் பரிசு கொடுத்திருப்பீங்க. அதனால அந்த மாசம் பூரா என் பேன்ட் பாக்கெட்ல வேகவச்ச கோழி ஈரல் இருந்துச்சு. அம்மா துவைக்க மாட்டேன்னுட்டாங்க.

அந்த ஒரு மாசம்

எங்க ஊர்ப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. வெள்ளென நடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, குளத்தில் நீச்சல் விடுவாங்க, மண்ணைக் குத்த விடுவாங்க. வருஷம் பூரா கொட்டத்தில் கட்டிப் போட்டு, 'சாதுவா இருடா'ன்னு யாரும் காளைகிட்ட எதிர்பார்க்கிறது இல்லை. செவலைக்கும் அதே டைம்டேபிள்தான் போட்டேன்.

காலை 5.30-க்கு வாய்க்கால் கரையில் 40 நிமிஷம், சாயங்காலம் வெயில் சாய்ஞ்சப்புறம் 40 நிமிஷம். இழுத்துட்டு ஓடுற நடை இல்லை. அது நின்னு மோந்து பார்த்தா நானும் நிப்பேன். ஒவ்வொரு வேலிக்கம்பும் அதுக்கு ஒரு நியூஸ்பேப்பர். மூக்குக்கு வேலை கொடுத்தா நாய் சீக்கிரம் களைக்குதுன்னு முதல் வாரத்துலயே தெரிஞ்சு போச்சு.

தோட்டத்தில் 30 அடி பருத்திக் கயிறு. "செவலை, வா"ன்னு கூப்பிடுவேன். வந்தா ஈரல், உடனே மறுபடி "போ". இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. கட்டிப் போடுறதுக்கு மட்டும் கூப்பிட்டா நாய் வராது. பத்துத் தடவை கூப்பிட்டா ஒன்பது தடவை திரும்ப விளையாட விடணும்.

அடுத்து 'விடு'. வாயில் செருப்போட ஓடுற நாயைத் துரத்தினா அது ஜெயிச்சிடும், ஏன்னா அதுக்கு அது விளையாட்டு. துரத்தாம மூக்குக்கு நேரா ஈரலைக் காட்டினேன். செருப்பு விழுந்துச்சு. விழும்போது "விடு"ன்னு சொல்லிப் பரிசு கொடுத்தேன். பண்டமாற்றுதான். நாள் ஆக ஆக வார்த்தை மட்டுமே போதும்னு ஆச்சு.

அப்புறம் 'இரு'. சோத்துத் தட்டை வச்சுட்டு ரெண்டு விநாடி காத்திருக்க வைக்கிறது, அப்படியே கூட்டிக்கூட்டி அரை நிமிஷம் வரைக்கும். பயிற்சி ஒரு தடவைக்கு அஞ்சே நிமிஷம், நாளுக்கு மூணு தடவை. அதுக்கு மேல போனா லாஸ்ட் பீரியட் கிளாஸ் மாதிரிதான் இருக்கும்.

காலைச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்கலை. வேகவச்ச முட்டை, சக்கரவள்ளிக்கிழங்குத் துண்டுகளைக் கவிழ்த்த கொட்டாங்குச்சிக்குக் கீழே, வாழைமட்டைக்கு அடியில்னு ஒளிச்சு வச்சுத் தேட விட்டேன். மோட்டார் ரூமுக்குப் பின்னாடி ஒரு மணல் குவியலைக் கொட்டி, "இதை எவ்வளவு வேணாத் தோண்டிக்கோ"ன்னு அதுக்கே எழுதிக் கொடுத்தாச்சு. டியூப் ஓடுற பக்கம் அந்த மாசம் அதைத் தனியா விடவே இல்லை. பழக்கம் மாறுற வரைக்கும் பழைய பழக்கத்துக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

ரெண்டாவது வாரம் நிலைமை இன்னும் மோசமாச்சு. குரைச்சா யாரும் திரும்பிப் பார்க்கிறது இல்லைன்னு முடிவு பண்ணியிருந்தோம். அது வால்யூமைக் கூட்டிப் பார்த்துச்சு. இது எல்லா வீட்டிலயும் நடக்கும். அங்க ஒரு நாள் மனசு இளகி ஏதாச்சும் கொடுத்தீங்கன்னா கதை முடிஞ்சது. எப்பவாச்சும் கிடைக்கிற பரிசுதான் பழக்கத்தை விடாமப் பிடிச்சு வைக்கும்னு ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வச்சுக் காட்டினார். நாம ரீல்ஸ் தள்ளிக்கிட்டே இருக்கிறதும் அதே கேஸ்தான். மூணாவது வாரம் குரைப்பு இறங்குச்சு. அதே வாரம் அம்மாவோட செருப்பைக் கவ்விட்டு ஓடினவன், "விடு"ன்னதும் போட்டுட்டு உக்காந்தான். அப்பா திண்ணையிலிருந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ஆனா ஜீப்புக்காரருக்குப் போன் போடவும் இல்லை.

நம்ம பள்ளத்தாக்கில் கவனிக்க வேண்டியவை

முதல்ல திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குப் பெருமை. நாய்க்கு அது விஷம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்னா ஆபத்துன்னு அளவு சொல்ல முடியாது, நாய்க்கு நாய் மாறும். கொடித் தோட்டம் வழியா நடக்கும்போது கீழே உதிர்ந்ததைத் தின்ன விடாதீங்க. தின்னுடுச்சுன்னா வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே மருத்துவமனை. சாக்லேட், வெங்காயமும் இதே லிஸ்ட்தான். வேகவச்ச கோழி எலும்பு ஊசி ஊசியா உடையும், அதுவும் வேண்டாம்.

அடுத்து வெயில். தார் ரோட்டில் புறங்கையை வச்சு ஏழு விநாடி தாங்க முடியலைன்னா நாயோட பாதமும் தாங்காது. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, மூச்சு இரைச்சுத்தான் சூட்டை இறக்கணும்.

மூணாவது, பைக்ல கயிறு கட்டி ஓட விடுறது. ரீலுக்கு நல்லா இருக்கும், நாய்க்கு ஆகாது. ஒரு வயசு, ஒன்றரை வயசு வரைக்கும் எலும்பு முனைகள் வளர்ந்துட்டே இருக்கும். இடைவிடாத ஓட்டம் அதைக் கெடுக்கும்.

நாலாவது, மலை. 'வேட்டை நாய்தானே'ன்னு காட்டுக்குள்ள அவிழ்த்து விடாதீங்க. மானுக்கும் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து, உங்க மேல கேஸும் வரும்.

கடைசியா ஊசி. ரேபிஸ் தடுப்பூசியை மூணு மாசத்தில் ஆரம்பிச்சு மருத்துவர் சொல்ற தேதியில் தவறாம போடுங்க. விளையாட்டுக் கடிதானேன்னு விடாதீங்க. பல் பட்டுத் தோல் கிழிஞ்சா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

லீவு முடிஞ்சா?

இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிய பயம். நான் ஹாஸ்டலுக்கு வந்துட்டா? ஒரே ஆளுக்கு மட்டும் கட்டுப்படுற நாய் பழகின நாய் ஆகாது. அதனால கடைசி வாரம் செவலையை விட்டுட்டு வீட்டு ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அம்மா 'உக்காரு', அப்பா 'ஒக்காருடா', தம்பி 'சிட்'னு மூணு பாஷை பேசினா நாய் எந்த மீடியத்தில் படிக்கும்? 'உக்காரு, இரு, விடு, வா' – நாலே வார்த்தை, எல்லாருக்கும் ஒண்ணு. சமையல்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டினோம்.

அதில் டாப்பர் அப்பத்தாதான். ஊர்ல எல்லாரையும் வையுற வாய், செவலைகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கூடுதலா வராது. "விடு" அவ்வளவுதான். காலை நடை தம்பி பொறுப்பு. ராத்திரி அப்பா டார்ச்சோட தோட்டத்தைச் சுத்தும்போது செவலை கூடப் போகும். மலையிலிருந்து பன்றி இறங்குற நாளில் வேலிக்கு உள்ளே நின்னு குரைக்கும். அது போதும், அதுதான் இப்போ அதோட சோலி. டியூப் அதுக்கப்புறம் போகலை. தலையணை ஒண்ணு போச்சு, உண்மையை மறைக்கலை.

உங்களுக்கு இதெல்லாம் ஓவரா தெரிஞ்சா ஒரு தகவல். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு: எப்பவும் கட்டியே வைக்கிற நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி கொடுக்காம விடுறது வதைன்னு எழுதியிருக்கு. வளர்த்த பிராணியைக் கைவிடுறதும் அதே பிரிவில் வருது. நடைக்குக் கூட்டிட்டுப் போறதை அறுபது வருஷத்துக்கு முன்னாடியே சட்டத்தில் எழுதி வச்சிருக்காங்க.

இதை நம்ம காலேஜ் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஹாஸ்டல் பின்னாடி யாரோ ஒரு குட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. பேர் வைப்போம், பிஸ்கட் போடுவோம், ஸ்டோரி போடுவோம். ஆறு மாசத்தில் அது பெருசாகி ரூம் ரூமாச் செருப்பைத் தூக்கும். செமஸ்டர் லீவு வந்ததும் எல்லாரும் பஸ் ஏறிடுவோம். அது கேட்டுல நிக்கும். குட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்க: தினமும் ஒன்றரை மணி நேரம் யார் தருவாங்க? லீவுல யார் வீட்டில் இருக்கும்? ரெண்டுக்கும் ஒரு ஆளோட பேர் இருந்தா தூக்கிட்டு வாங்க. 'யாராச்சும்'னு பதில் வந்தா, அதை அதோட அம்மா கிட்டயே விட்டுடுங்க.